சா மில்லும் ஒரு கை உப்பும்

எனக்கு இருபத்து மூன்று வயதில் எல்லாம் தெரிந்திருந்தது. இப்போது அவ்வளவு தெரியாது.

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா முடித்த கையோடு, ஊர் ஓரத்தில் இருந்த ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். சூப்பர்வைசர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மண் வந்ததா, அச்சு காய்ந்ததா, சூளைக்கு விறகு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாளி இல்லாதபோது அவரைப் போல இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டும். இரண்டாவது வேலையை நன்றாகவே செய்தேன். யூனிட்டில் எது நடந்தாலும் "டிப்ளமா தம்பியக் கேளு" என்பார்கள். அதில் பாதி நம்பிக்கை, பாதி கிண்டல். கிண்டல் பாதி என் காதில் விழவே இல்லை.

சுனாமிக்கு முந்தைய வருஷம் அது. ஆவணியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நவராத்திரிக்குக் கொலு பொம்மை கேட்டுச் சென்னையிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. பொம்மைகள் தயார், சூளையும் தயார், எரிக்க விறகுதான் இல்லை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் முந்திரிக் கட்டை ஊறிப் போய்க் கிடந்தது. அதை வைத்து எரித்தால் புகைதான் வரும், சூடு ஏறாது. முதலாளி நல்ல மனிதர். கோபம் வந்தால் பேச மாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த வாரம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சொன்னதை வைத்து நான்தான் வழி கண்டுபிடித்தேன். கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் வரிசையாக நாலைந்து சா மில்கள் மூடிக் கிடக்கின்றன, அறுத்து ஒதுக்கிய ஓரக்கட்டை மலை மாதிரி குவிந்திருக்கிறது என்றார். மரம் அறுக்கும் மில்லை எங்கள் பக்கம் சா மில் என்றுதான் சொல்வோம். மறுநாளே முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

அந்த மில்கள் பெயருக்கு ஏற்ற மாதிரி செத்துத்தான் கிடந்தன. தகரக் கூரை பாதி பறந்துபோய், மீதி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் கப்பலில் வந்த பெரிய பெரிய மரங்கள் அங்கே இறங்கியிருக்கின்றன. ஆற்றிலிருந்து கொட்டகைக்குள் இழுத்துப்போக இரும்புத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அது கரையில் தொடங்கி, புல்லுக்குள் போய், ரம்பம் இருந்த குழி வரைக்கும் போய் நின்றது. ரம்பத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழிக்குள் மழைத் தண்ணீரும் தவளையும் இருந்தன. சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் 'இங்கு பீடி பிடிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழேதான் பீடித் துண்டு அதிகம் கிடந்தது.

கரை ஓரத்தில் ஓரக்கட்டை குவியல் குவியலாக இருந்தது. மரத்தைப் பலகையாக அறுக்கும்போது பட்டையோடு ஒதுக்கித் தள்ளுவார்களே, அந்தத் துண்டுகள். வெளுத்துப் போயிருந்தன. கையில் எடுத்தால் கனமே இல்லை. மேலே மழை பட்டிருந்தாலும் உள்ளே முறித்துப் பார்த்தால் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காவலுக்கு இருந்தவரிடம் கேட்டால், "எடுத்துட்டுப் போங்க சார். எடம் சுத்தமாவும்" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். ஊரே விறகுக்கு அலையும்போது, இத்தனை விறகு ஆற்றங்கரையில் யாரும் தொடாமல் எப்படி மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு லாரி நிறைய ஏற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்து, வடலூர், நெய்வேலி வழியாக வந்து சேர்ந்தேன்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், யூனிட்டில் எல்லோருக்கும் அவர் அக்காதான். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பதினெட்டு வருஷமாகப் பொம்மைகளுக்குக் கிளேஸ் முக்குகிற வேலை. கிளேஸ் என்பது பால் மாதிரி இருக்கும் கரைசல். பொம்மையை அதில் முக்கி எடுத்துச் சூளையில் வைத்தால்தான் பீங்கானுக்கு அந்தப் பளபளப்பு வரும். முக்குவது ஒரு நொடி வேலை. அரை நொடி கூடினால் தடித்துவிடும், குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். அக்கா பேசிக்கொண்டே முக்குவார், அதுவும் பொம்மைகளோடு. கொலுவுக்கான செட்டியார் பொம்மையைப் பார்த்து, "ஏம் செட்டியாரே, தொப்பைய எக்கிக்கய்யா, சட்டியில இடிக்குது" என்பார்.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம். சூளையைப் பிரிக்கிற நாளில் முதல் பொம்மையை அக்காதான் வெளியே எடுப்பார். காதுக்குப் பக்கத்தில் வைத்து நகத்தால் சுண்டுவார். நல்ல மணிச் சத்தம் வந்தால், "வெந்திருக்குது" என்பார். அதற்கு அப்புறம்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அன்று மத்தியானம் முதலாளி செலவில் கொட்டகையிலேயே முப்பது பேருக்கும் சாம்பார் சாதம். அதைச் சமைப்பதும் அக்காதான். யாரும் அவருக்கு இந்த மரியாதையை எழுதிக் கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் தானாக வந்து சேர்ந்தது.

சூளை பற்றவைத்த அன்று காலையில் சென்னையிலிருந்து ஆர்டர் கொடுத்த அம்மா நேரில் வந்தார். பொம்மைகளை மண் பெட்டிகளில் அடுக்கி ஏற்றிக்கொண்டிருந்தோம். தீ நேராகப் படாமலிருக்க அப்படித்தான் பெட்டிக்குள் வைப்போம். அந்த அம்மா செட்டியாரையும் ஆச்சியையும் கையில் எடுத்து, "அய்யோ, எவ்ளோ அழகு, எவ்ளோ அழகு" என்று ஏழெட்டுத் தடவை சொன்னார். அவர் கார் கேட்டைத் தாண்டவும், ஒரு பலகை சரிந்து ஆறு செட்டியார்கள் கீழே விழுந்து நொறுங்கவும் சரியாக இருந்தது.

"கண்ணு" என்றார் அக்கா. சமையல் மூலைக்குப் போய் ஒரு கை கல்லுப்பும் நாலு காய்ந்த மிளகாயும் எடுத்து வந்தார். ஏற்றி வைத்திருந்த பெட்டிகளை மூன்று முறை சுற்றி, சூளையின் ஈரம் போக அதன் வாயில் முன்கூட்டியே மூட்டியிருந்த சிறு நெருப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது உண்மை என்று அர்த்தமாம்.

நான் சிரித்தேன். "என்னா தம்பி சிரிக்கிறீங்க? நாளைக்கு உங்களுக்கும் கல்யாணம் ஆகும், புள்ள பொறக்கும், அப்ப நீங்களே எங்கிட்ட வந்து சுத்திப் போடுங்கக்கான்னு நிப்பீங்க" என்றார். அதுவும் நடந்தது, ஆனால் அது வேறு கதை.

சூளை இரண்டு நாள் எரியும். தீயைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். படிப்பு இல்லாவிட்டாலும், தீயின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தீ ரொம்ப மஞ்சளா இருக்குதே" என்றார். குனிந்து பார்த்தேன். மஞ்சள்தான். மாரியம்மன் கோவில் சேலை மாதிரி மஞ்சள்.

"பழைய கட்டைண்ண. ஈரமே இல்ல. அதான் நல்லா எரியுது" என்றேன்.

"சரிங்க" என்றார் அவர். டிப்ளமா சொன்னால் சரிதானே.

பிரித்த அன்று அக்கா குளித்து, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். முதல் செட்டியாரை வெளியே எடுத்தார். வழக்கம்போலக் காதில் வைத்துச் சுண்டினார். மணிச் சத்தம் கேட்டது. ஆனால் அவர் "வெந்திருக்குது" என்று சொல்லவில்லை. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செட்டியாரின் கன்னம், தொப்பை, முதுகு எல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. சாத்துக்குடித் தோலைத் தடவுவது போலிருந்தது. அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கு அடுத்ததும் அப்படியே. ஒரு சூளை பொம்மையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு குஷி. ஏனென்றால் இது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படம் போட்டே இருந்தது. சூளைச் சூட்டில் உப்பு ஆவியாகிப் பாத்திரத்தின் மேல் படிந்தால், மேற்பரப்பு இப்படித்தான் தோல் மாதிரி ஆகும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான்.

"இது உப்பு" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "சூளையில உப்பு விழுந்திருக்குது. அக்கா, நீங்க எவ்ளோ போட்டீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். "ஒரு கை" என்றார்.

"அதான்" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. வேலையை விட்டுப் போ என்று யாரும் சொல்லவுமில்லை. முதலாளி, "சரி வுடுங்க, தெரியாம செஞ்சது" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். அன்றும் சாம்பார் சாதம் தயாராக இருந்தது. அக்காவே எல்லோருக்கும் பரிமாறினார். தீ அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கையில் வைத்திருந்த செட்டியாரைப் பார்த்துச் சொன்னார்: "சாம்பாருல உப்பு கொஞ்சம் கம்மி. எல்லாத்தையும் சூளையில போட்டுட்டா போலருக்குது." கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சாப்பிட உட்காரவில்லை. அண்டாவைத் தேய்த்துக் கழுவிச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

எங்கள் ஊரில் செராமிக் யூனிட்டுகள் ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கும். ஒரு கொட்டகையில் தும்மினால் அடுத்த கொட்டகையில் கேட்கும். 'உப்பக்கா' என்ற பெயர் ஒரு வாரத்தில் எல்லா யூனிட்டுக்கும் போய்விட்டது. வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருவர், "எங்க சூளைக்கு உப்பு வேணாம்மா" என்று சொல்லி அனுப்பினாராம். இன்னொரு இடத்தில் ஒரு பெண்பிள்ளை, "நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாளாம். சூடு சொரணை இல்லாதவர்களைக் கேட்கிற கேள்வி அது. இதெல்லாம் என் காதுக்கு வந்தபோது பாவம் என்று நினைத்தேன். ஆனாலும் செய்தது அவர்தானே என்று மனதுக்குள் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து வேப்பூரில் பஸ் மாறும்போது ரோட்டோர ஓட்டல் ஒன்றில் சாப்பிடப் போனேன். அடுக்களைப் பக்கம் பார்த்தால் அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். "நல்லா இருக்கீங்களா தம்பி? இப்ப யாரு முக்கறது?" என்றுதான் கேட்டார். புதிதாக ஒரு பெண் வந்திருப்பதைச் சொன்னேன். "அடியில மண்டி தங்கிடும். முக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ நல்லாக் கலக்கச் சொல்லுங்க. ஒரு தடவ பத்தாது" என்றார்.

அவர் உள்ளே போன பிறகு ஓட்டல் மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "தெரிஞ்சவங்களா சார்? நல்ல கை. ஆனா ஒரு கிறுக்கு. எல்லா வேலையும் செய்யும், உப்பு மட்டும் போடாது. குழம்பு கொதிச்சதும் என்னக் கூப்புடும். நான் வந்துதான் போடணும். கேட்டா, என் கை உப்பு ஆவாதுன்னுது."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க முடியும்? நான் சொன்னது சரிதான் என்றே அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நானும் யூனிட்டை விட்டு, டைல்ஸும் கழிப்பறைப் பேசினும் விற்கிற ஒரு கடையில் சேர்ந்தேன். சுனாமிக்குப் பிறகு கடலூர் கரையோரம் புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு லோடு பேசின் இறக்கப் போனேன். கூலியாட்கள் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். சும்மா இருக்க முடியாமல், பழைய சா மில்கள் என்ன ஆயின என்று பார்க்க நடந்தேன்.

அலை ஆற்று வழியாக உள்ளே வந்திருக்கிறது. இரண்டு கொட்டகைகள் இருந்த இடத்தில் தூண்கள் மட்டும் நின்றன. நான் கட்டை ஏற்றிய மில்லில் 'பீடி பிடிக்கக் கூடாது' என்ற சுவர் பாதி நின்றது. 'பிடிக்கக் கூடாது' மட்டும் மிச்சம், என்ன பிடிக்கக் கூடாது என்பது போய்விட்டது. ரம்பக் குழி மணலால் மூடிக் கிடந்தது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஆற்றை நோக்கி நடந்தேன். போன தடவை லாரி அவசரத்தில் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. தண்டவாளம் தண்ணீருக்குள் இறங்கியது. அங்கே கரையை வெட்டிப் பெரிய குளம் மாதிரி செய்திருந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் ஏறினால் குளமும் ஏறும், இறங்கினால் இறங்கும். உள்ளே ஆள் கட்டிப்பிடிக்க முடியாத கனத்தில் நாலைந்து மரங்கள் பாதி முழுகிக் கிடந்தன. அறுக்கிற வரைக்கும் வெடிக்காமலிருக்க மரத்தை மாதக்கணக்கில் அப்படி ஊறப் போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே தெரிந்த பாகத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

மில்லின் சிமென்ட் தரையில் ஒரு அம்மா கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். "என்னா பாக்குறீங்க?" என்றார். முன்பு இங்கே விறகு ஏற்றியதைச் சொன்னேன்.

அவர் கருவாட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இந்தக் கட்டையையா? அடுப்புக்கா?"

"சூளைக்கு."

"நாங்க தொட மாட்டோமே. அலை வர்றதுக்கு முன்னாடிலேருந்தே உப்புத் தண்ணி குடிச்ச கட்டை. அடுப்புல வச்சா மஞ்சமஞ்சளா எரியும். அலுமினியச் சட்டியெல்லாம் அரிச்சிடும். இந்தத் தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களே?" என்றார். யாரையும் கேட்கவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

குனிந்து, மண்ணில் கிடந்த ஒரு ஓரக்கட்டையை எடுத்தேன். வெள்ளைப் பூப்பில் நாக்கை வைத்தேன். கரித்தது. இன்னொன்றை எடுத்து, முறித்து, உள்ளே நக்கினேன். உள்ளேயும் கரித்தது. அந்த அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருந்தால் அவர்மேல் தப்பில்லை. ஒரு கை இல்லை, இரண்டு கை இல்லை, ஒரு லாரி நிறைய உப்பைக் கொண்டுவந்து சூளைக்குள் போட்டவன் நான். ஆற்றின் பெயர் உப்பனாறு. பெயரிலேயே உப்பு இருக்கிறது. எத்தனை தடவை வாயால் சொல்லியிருப்பேன்! தீ அண்ணன்கூட மஞ்சள் என்று கூப்பிட்டுக் காட்டினார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

அங்கேயே தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அந்த ஓட்டல் மாஸ்டர் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. என் கை உப்பு ஆவாது.

மறுநாள் காலை ஒரு துண்டுக் கட்டையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வேப்பூர் போனேன். ஓட்டலில் கூட்டம் இல்லாத நேரம். அக்கா உளுந்து களைந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு, குளம், ஊறிய மரம், மஞ்சள் தீ. கட்டையை நீட்டி, "நாக்குல வச்சுப் பாருங்கக்கா" என்றேன்.

அவர் வாங்கவில்லை. களைந்த தண்ணீரை மெதுவாகக் கொட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கண் நிறையும், பரவாயில்லை தம்பி என்பார் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"ஒரு கைன்னு சொன்னேனே" என்றார் அக்கா. குரல் ஏறியது. துக்கத்தில் இல்லை, கோபத்தில். "நீ கேட்ட. நான் ஒளிக்கல, மறைக்கல, ஒரு கைன்னு சொன்னேன். அப்பவே எனக்கு மனசுல பட்டுச்சு. ஆனா நீ படிச்சவன். படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எங்கையையே நான் சந்தேகப்பட்டுட்டேன். எம் பொண்ணு வூட்டுல ஒரு ரசம் வச்சித் தரச் சொன்னாக்கூட எனக்கு கை நடுங்குது. தெரியுமா ஒனக்கு?"

அதுவரைக்கும் என்னை 'நீங்க' என்று சொன்னவர், அன்றுதான் முதல் தடவையாக 'நீ' என்றார். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

"எங்கிட்ட வந்து காதுல சொல்றியே, அன்னிக்கி காதுலயா சொன்ன? முப்பது பேரு முன்னாடி சொன்ன. எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லு."

"வரேங்க்கா" என்றேன்.

பழைய யூனிட்டில் விசாரித்து, அடுத்து சூளை பிரிக்கிற நாளைத் தெரிந்துகொண்டேன். அன்று வேப்பூரிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொம்மைகளை இறக்கி முடித்துவிட்டிருந்தார்கள். அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர் பழைய ஆட்கள், பாதிப் பேர் புதியவர்கள். முதலாளி, தீ அண்ணன் இருவரும் இருந்தார்கள். நான் சூளைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வரிவரியாக மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "அன்னிக்கி பொம்ம கெட்டது என்னாலதான். நான் கொண்டாந்த கட்டையில உப்பு இருந்துச்சு. அக்கா மேல தப்பில்ல" என்று மட்டும்தான் வந்தது. கட்டையை எடுத்துக் கொடுத்தேன். கை மாறிக் கை மாறிப் போனது. தீ அண்ணன் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "அடப்பாவி" என்றார். அது என்னைச் சொன்னாரா, தன்னையே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதிய ஆட்களுக்கு என்ன விஷயம் என்றே புரியவில்லை. "எந்தப் பொம்ம?" என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள். நான் நினைத்துப் பயந்த மாதிரி யாரும் என்னைத் திட்டவில்லை. அவர்களுக்கு அது எப்போதோ நடந்து முடிந்த ஒரு சங்கதி. அக்காவுக்கு மட்டும்தான் அது முடியாமல் இருந்திருக்கிறது.

அக்கா நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். அப்போது தீ அண்ணன்தான் எழுந்து சமையல் மூலைக்குப் போனார். உப்பு ஜாடியைத் தூக்கி வந்து அக்காவின் முன்னால் நீட்டினார். 'உப்பக்கா' என்ற பெயருக்கு முதல் வித்து போட்டதே அவர் வாய்தான்.

"சாம்பாருக்கு இன்னும் உப்பு போடலக்கா. நீங்க போடுங்க" என்றார்.

அக்கா ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உள்ளே விட்டு ஒரு கை கல்லுப்பு அள்ளினார். அண்டாவுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து, என் முகத்துக்கு நேரே கையை விரித்துக் காட்டினார்.

"இதான் தம்பி ஒரு கை. பாத்துக்க."

பார்த்தேன். அண்டாவுக்குப் போய் அதைப் போட்டுக் கிளறினார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி ஆற்றி என் உள்ளங்கையில் விட்டார். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள், அன்று பார்த்த மாதிரியே.

"சொல்லு" என்றார் அக்கா.

நாக்கில் வைத்தேன். பருப்பு இருந்தது, புளி இருந்தது.

"ஒரு கை இந்த அண்டாவுக்கே பத்தலக்கா" என்றேன்.